ரெட் டாட் மாட்டியாச்சு, ஆனா பெல்லட் சொன்ன இடத்துல விழல: எந்தக் கோளாறுக்கு எங்க பாக்கணும்

ஏர் ரைஃபிள்ல ரெட் டாட், அதாவது கண்ணாடிக்குள்ள ஒரு சிவப்புப் புள்ளியைக் காட்டுற சைட், மாட்டுறதுக்கு முன்னாடி யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. மாட்டி, ஒரு டப்பா பெல்லட்டை காலி பண்ணி, எங்க குறி வெச்சாலும் வேற எங்கயோ போய் விழுதுன்னு தெரிஞ்ச அப்புறம்தான் "அண்ணே இந்த சைட் டூப்ளிகேட் போல இருக்கே, திருப்பி அனுப்பிடவா"ன்னு ஃபோட்டோவோட மெசேஜ் வரும். அவசரப்பட்டு அனுப்பாதீங்க. பெரும்பாலும் சைட் மேல தப்பே இருக்காது, அதுக்குக் கீழ ஏதோ ஒரு ஸ்க்ரூ, ஏதோ ஒரு க்ளாம்ப், இல்லன்னா கன்னோட கட்டையே ஆடிட்டு இருக்கும்.

அதனால எல்லாருக்கும் நான் சொல்ற வரிசை ஒண்ணுதான், கீழருந்து மேல வாங்க. முதல்ல ஸ்டாக் (கன்னோட கட்டை) ஸ்க்ரூ, அப்புறம் பேரல் மடங்குற மூட்டு, அப்புறம் மவுண்ட் (சைட்டை கன்னோட கவ்விப் பிடிக்குற க்ளாம்ப்), அப்புறம் சைட்டோட அடிப்பக்கம், அப்புறம் பேட்டரி, எல்லாம் முடிஞ்சு கடைசியாதான் டர்ரெட் (சைட்ல குறியை நகத்துற திருகு). நம்மாளுங்க நேரா டர்ரெட்லதான் கைய வைப்பாங்க, ஏன்னா அதுதான் கண்ணுக்கு முன்னாடி இருக்கு, திருப்புனா க்ளிக் க்ளிக்னு சத்தம் வேற வருது, ஏதோ வேலை நடக்குதுன்னு ஒரு திருப்தி.

நான் இங்க முக்கியமா பேசுறது நம்ம ஊர்ல லைசன்ஸ் இல்லாம வாங்குற 0.177 ஸ்ப்ரிங் ரைஃபிள் பத்தி, அதாவது பேரலை மடக்கி லோடு பண்ற டைப். 2016 ஆயுத விதிகள் படி குழல் 0.177 இன்ச்சுக்கு மேல போனாலோ, பவர் 20 ஜூலுக்கு மேல போனாலோ லைசன்ஸ் வேணும், அது தனிக் கதை. ஆப்டிக் ரெடி பிஸ்டல், அதாவது ஸ்லைட்லயே (பிஸ்டல் மேல முன்னும் பின்னும் ஓடுற பாகம்) ரெட் டாட் உக்கார இடம் வெட்டி வர்ற டைப் வெச்சிருக்கிறவங்களுக்கு கடைசில ஒரு பகுதி இருக்கு. இன்னொண்ணு, 10 மீட்டர் மேட்ச்சுக்கு ப்ராக்டிஸ் பண்றவங்க இதைப் படிச்சு செலவு பண்ணாதீங்க, ஐஎஸ்எஸ்எஃப் (உலக துப்பாக்கி சுடும் விளையாட்டு அமைப்பு) 10 மீட்டர் ஏர் ரைஃபிள், ஏர் பிஸ்டல் ஈவென்ட்ல ரெட் டாட்டுக்கு அனுமதியே கிடையாது.

ஸ்க்ரூ ட்ரைவரை எடுக்குறதுக்கு முன்னாடி பேரலை மடக்கி உள்ள பெல்லட் இல்லன்னு கண்ணால பாத்துடுங்க. மடக்குன நிலையில விரலை ப்ரீச் (பெல்லட் போடுற வாய்) பக்கம் வைக்காதீங்க, ஸ்ப்ரிங் இறுகி இருக்கும்போது பேரல் விட்டு அடிச்சா விரல் மிஞ்சாது. பெல்லட் போடாம ட்ரிக்கர் அமுக்கிப் பாக்குறதும் வேணாம், பிஸ்டன் முன்னாடி காத்து மெத்தை இல்லாம நேரா இடிக்கும், சீலும் ஸ்ப்ரிங்கும் போயிடும். மொட்டை மாடில சுடுறவங்க, கைப்பிடிச் சுவருக்கு மேல போற மாதிரி டார்கெட் வைக்காதீங்க ப்ளீஸ், நம்ம ஊர்ல சுவத்துக்கு அந்தப் பக்கம் யாராவது துணி காயப் போட்டுட்டு இருப்பாங்க.

முதல்ல இதைப் பிரிச்சுக்கங்க: தள்ளி விழுதா, சிதறி விழுதா

கன்னை மணல் பை மேல வெச்சு, ஒரே புள்ளிக்கு அஞ்சு பெல்லட் சுடுங்க, நடுவுல எதையும் திருப்பாதீங்க. அஞ்சும் ஒரு இடத்துல கொத்தா விழுந்து அந்தக் கொத்து மட்டும் தள்ளி இருந்தா அது செட்டிங் பிரச்சனை, அஞ்சு நிமிஷ வேலை. அஞ்சும் அஞ்சு திசையில போனா டர்ரெட்டைத் தொடவே தொடாதீங்க. சிதறுற கன்னுக்கு டர்ரெட் திருப்புறது வீண், கடைசியா விழுந்த ஓட்டையைத் துரத்திட்டே இருப்பீங்க.

சிதறுதுன்னா ரெட் டாட்டைக் கழட்டி வெச்சுட்டு கன்னோட வந்த ஓப்பன் சைட்லயே (கண்ணாடி இல்லாத முன், பின் குறி) அஞ்சு சுட்டுப் பாருங்க. அதுலயும் சிதறினா ரெட் டாட் நிரபராதி. பெல்லட் மாத்திப் பாருங்க, சில பேரலுக்கு உருண்டைத் தலை பெல்லட் ஒத்துக்கும், சிலதுக்கு தட்டைத் தலை. அப்புறம் கன்னைப் பிடிக்குற விதம், ஸ்ப்ரிங் கன்னை செங்கல் மேலயோ கைப்பிடிச் சுவர் மேலயோ நேரா வெச்சு சுட்டா பெல்லட் வேற இடத்துக்குப் போகும், முன்கட்டையை உள்ளங்கையில லேசா தாங்கி, இறுக்கிப் பிடிக்காம, கன் அதுபாட்டுக்கு உதைச்சுக்கட்டும்னு விட்டா கொத்து சுருங்கும். மணல் பைல வெச்சாலும் கையை நடுவுல கொடுங்க.

"நேத்து சரியா இருந்துச்சு, இன்னைக்கு வேற எங்கயோ போகுது"

அதிகமா வர்ற கம்ப்ளெய்ன்ட் இதுதான், கொஞ்சம் பொறுமையா பாக்கலாம்.

முதல் சந்தேகம் ஸ்டாக் ஸ்க்ரூ. முன்கட்டைல ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு, ட்ரிக்கர் கார்டுல ஒண்ணோ ரெண்டோ இருக்கும். ஸ்ப்ரிங் கன் அதிர்ற அதிர்ச்சில இது மெதுவா லூஸ் ஆகிட்டே போகும், கைக்கே தெரியாது, ஆனா கால் சுத்து இறுக்கினதும் கொத்து பழைய இடத்துக்கு வந்துடும். ரெட் டாட் மாட்டின எவ்வளவோ பேர் சைட்டை மாத்திட்டாங்க, மவுண்ட்டை மாத்திட்டாங்க, இந்த ஸ்க்ரூவை மட்டும் பாக்கல.

ரெண்டாவது பேரல் மூட்டு. கன்னை மூடிட்டு பேரல் நுனியைப் பிடிச்சு இடது வலதா அசைச்சுப் பாருங்க. துளியாவது ஆடினா மூட்டு போல்ட்டை இறுக்கணும். ஓப்பன் சைட் இருந்தப்ப ஏன் தெரியலன்னு கேப்பீங்க. முன் சைட்டும் பின் சைட்டும் ரெண்டுமே பேரல் மேலயே இருக்கிற மாடல்னா பேரல் ஆடினா சைட்டும் கூடவே ஆடும், அதனால தெரியாது. ரெட் டாட் உக்காந்திருக்கிறது பின்னாடி ரிசீவர் மேல, அதாவது பேரலுக்குப் பின்னாடி இருக்கிற கன்னோட உடம்பு மேல. பேரல் ஒரு பக்கம் பாக்கும், டாட் ஒரு பக்கம் பாக்கும்.

மூணாவதுதான் மவுண்ட் நகர்றது. இதுக்கு ஒரு பென்சில் போதும். மவுண்ட்டோட பின் விளிம்பு ரயிலை (கன் மேல மவுண்ட் கவ்வுற பட்டையை) தொடுற இடத்துல கூரான பென்சிலால ஒரு மெல்லிசான கோடு போடுங்க. கருப்பு ரயில்ல பென்சில் தெரியலன்னா நகப்பூச்சுல ஒரு புள்ளி. இருபது முப்பது பெல்லட் சுட்டுட்டு, டார்ச் அடிச்சு குனிஞ்சு பாருங்க. கோடு மவுண்ட் விளிம்புலயே ஒட்டிட்டு இருந்தா மவுண்ட்டை விட்டுடுங்க. கோட்டை மவுண்ட் முழுங்கி இருந்தா, இல்ல பூசின புள்ளி ரெண்டா பிளந்து ஒரு பாதி பின்னாடி தள்ளி நின்னா, ஆளு மாட்டிக்கிச்சு.

எந்தப் பக்கம் நகருதுன்னு பாருங்க, பெரும்பாலும் பின்னாடிதான். நெருப்புத் துப்பாக்கி மாதிரி ஒரே உதை இல்ல இது, ஸ்ப்ரிங் கன் ரெண்டு தடவை உதைக்கும். பிஸ்டன் முன்னாடி பாயும்போது கன் பின்னாடி தள்ளும், பிஸ்டன் முட்டி நிக்கும்போது கன் மொத்தமும் வெடுக்குன்னு முன்னாடி போகும். அந்த ரெண்டாவது இழுப்புதான் மோசம், கன் முன்னாடி போகுது, மேல இருக்கிற சைட் இருந்த இடத்துலயே நிக்கப் பாக்குது, அப்ப ரயில் மேல மவுண்ட் பின்பக்கமா வழுக்குது. பெரிய துப்பாக்கிக்குத் தாங்குற சைட்கூட ஸ்ப்ரிங் கன்ல செத்துப் போறது இந்த எதிர் உதையாலதான். வாங்கும்போது ஸ்ப்ரிங் ஏர் கன்னுக்குத் தாங்கும்னு தெளிவா போட்டிருக்கான்னு பாத்து வாங்குங்க.

நகர்றதை நிறுத்த, மவுண்ட்டை முழுசா கழட்டுங்க. ரயில் பள்ளத்துலயும் க்ளாம்ப் பல்லுலயும் கம்பெனில பூசின எண்ணெய் அப்படியே இருக்கும், ஐசோப்ரொபைல் ஆல்கஹால் நனைச்ச துணியால கருப்பு வர்றது நிக்குற வரைக்கும் தொடைங்க. ரயில் மேல பின்பக்கம் ஒரு குட்டி ஓட்டை இருக்கான்னு பாருங்க, இருந்தா அது ஸ்டாப் பின்னுக்கு, நல்ல மவுண்ட்ல அடில ஒரு பின் நீட்டிட்டு இருக்கும், அது அந்த ஓட்டைக்குள்ள இறங்கி ஓட்டையோட பின் சுவத்துல முட்டுற மாதிரி மவுண்ட்டைப் பின்னாடி தள்ளி வெச்சு இறுக்கணும். ஓட்டை இல்லன்னா மவுண்ட்டுக்குப் பின்னாடி தனியா ஒரு ஸ்டாப்பர் க்ளாம்ப் போடலாம்.

11 மில்லிமீட்டர் டவ்டெய்ல்னு (ரெண்டு பக்கமும் சாய்வா பள்ளம் வெட்டின ரயில்) எல்லா டப்பாலயும் போட்டிருக்கும், அதை அப்படியே நம்பாதீங்க. 9.5 லருந்து 13 வரைக்கும் அகலம் மாறும், பல்லோட சாய்வும் கம்பெனிக்கு கம்பெனி வேற. இறுக்கினதுக்கு அப்புறம் நுனிலருந்து குனிஞ்சு பாத்தா ரெண்டு பக்கப் பல்லும் பள்ளத்துல முழுசா உக்காந்திருக்கணும், ஒரு பக்கம் மட்டும் விளிம்புல கவ்விட்டு இருந்தா எவ்வளவு இறுக்கினாலும் நிக்காது, மவுண்ட்டை மாத்துங்க.

11 லருந்து 20 மில்லிமீட்டர் ரயிலுக்கு மாத்துற அடாப்டர் போட்டு அது மேல சைட் மாட்டிருந்தா, இறுக்கம் பாக்க வேண்டிய மூட்டு ஒண்ணு கூடிடுச்சுன்னு அர்த்தம், ரெண்டையும் தனித்தனியா பாக்கணும். அந்த 20 மில்லிமீட்டர் ரயில்லயும் வீவர்னு ஒண்ணு பிக்காட்டினின்னு ஒண்ணு இருக்கு, ரயில் மேல குறுக்கா வெட்டின பள்ளம் வீவர்ல சுமார் 4.6 மிமீ, பிக்காட்டினில சுமார் 5.2 மிமீ. வீவருக்கு செஞ்ச மவுண்ட் பிக்காட்டினில உக்காரும், தலைகீழா பெரும்பாலும் உக்காராது. பள்ளம் கொஞ்சம் பெருசுன்னா மவுண்ட்டோட குறுக்குக் கம்பி உள்ள ஆடும், அதுக்கு மவுண்ட்டை ஒரு பக்கமா தள்ளி முட்ட வெச்சுட்டு இறுக்குங்க. இங்கயும் அதே எதிர் உதைக் கணக்குதான், ஸ்ப்ரிங் கன்னுன்னா பின்பக்கம் தள்ளி வைங்க.

ஸ்க்ரூல த்ரெட் லாக்கர் நீலக் கலர் போதும், லாக்டைட் 243 மாதிரி. ஒரு சின்னச் சொட்டு, ஸ்க்ரூல எண்ணெய் தொடைச்சுட்டு, அப்புறம் ஒரு ராத்திரி அப்படியே விட்டுடுங்க. சிவப்பு வேணாம், சூடு காட்டாம கழட்ட வராது. சைட் பாடி பிளாஸ்டிக்னா நீலமும் வேணாம், சில பிளாஸ்டிக்ல அது பட்டா வெடிப்பு விடும், அதுக்கு நகப்பூச்சே போதும். ஃபெவிக்விக் போடலாமான்னு கேக்குறவங்க இருக்காங்க. லென்ஸ் பக்கத்துல ஃபெவிக்விக் போட்டா அதோட ஆவி லென்ஸ் மேல வெள்ளையா படியும், சொல்லிட்டேன்.

"ஃபுல்லா திருப்பிட்டேன், இன்னும் கீழதான் விழுது"

டர்ரெட் ஒரு முனைக்குப் போய் நின்னுடுச்சு, அதுக்கு மேல சுத்தல, பெல்லட் இன்னும் கீழ. மடக்கு பேரல் கன்னுங்கள்ல இது சகஜம், பேரல் ரிசீவரோட நேர்க்கோட்டுல இல்லாம லேசா மூக்கைத் தொங்கப் போட்டு நிக்கும். ஓப்பன் சைட்ல அதுக்குத் தகுந்த மாதிரி வெச்சே அனுப்புவாங்க, அதனால யாருக்கும் தெரியாது. ரெட் டாட் வெச்சாதான் வெளிச்சத்துக்கு வரும்.

டர்ரெட்டை முனையில முறுக்கி நிறுத்தாதீங்க. கடைசி வரைக்கும் போனா உள்ள இருக்கிற ஸ்ப்ரிங் ஒண்ணு முழுசா தளர்ந்துடும் இல்ல முழுசா நசுங்கிடும், ரெண்டு நிலையிலயும் டாட் நிலையா நிக்காது. முதல்ல ரெண்டு டர்ரெட்டையும் நடுவுக்குக் கொண்டு வாங்க, ஒரு முனையிலருந்து இன்னொரு முனை வரைக்கும் சுத்தி க்ளிக்கை எண்ணி, அதுல பாதி திரும்பி வாங்க.

இப்ப பின்பக்கத்தைத் தூக்கணும், பெல்லட் கீழ விழுந்தா பின்னாடி தூக்கணும், பின் சைட்டை ஏத்துனா குறி ஏறும்ல, அதே கணக்கு. எவ்வளவு தூக்கணும்னு போட்டுப் பாக்கலாம். 10 மீட்டர்ல பெல்லட் 10 சென்டிமீட்டர் கீழ விழுதுன்னா நூறுக்கு ஒண்ணு சாய்வு. சைட்டோட அடி நீளம் 40 மிமீன்னா பின்பக்கம் 0.4 மிமீ தூக்கணும். கூல் ட்ரிங்க்ஸ் டின்னோட பக்கச் சுவர் ஏறத்தாழ 0.1 மிமீ தடிமன், கத்திரிக்கோலால துண்டு வெட்டி, ஓரத்தைத் தேய்ச்சு, சைட்டுக்கும் அது உக்கார்ற தட்டுக்கும் நடுவுல பின்பக்கம் மட்டும் வைங்க. நாலு துண்டு வரைக்கும் ஓகே. அதுக்கு மேல அடுக்காதீங்க, அடித்தகடு வளைஞ்சு அதுவே புதுப் பிரச்சனையாயிடும், அப்ப சாய்வு வெச்சே செஞ்ச மவுண்ட் கிடைக்குது, அதை வாங்குறது மேல்.

பக்கவாட்டுல அவ்ளோ தள்ளி விழுந்தா தகடு வைக்காதீங்க, மவுண்ட் கோணலா கவ்வி இருக்கு. கழட்டி மாட்டுங்க. சில மவுண்ட்டை முன்னாடி பின்னாடி திருப்பிப் போட்டாலே சரியாகிடும்.

"க்ளிக் பண்றேன், ஒண்ணுமே நகரல" / "எதிர் பக்கம் போகுது"

நகருது, உங்களுக்குத் தெரியலை. எம்ஓஏங்கிறது கோண அளவு, ஒரு டிகிரில அறுபதுல ஒரு பங்கு. ஒரு எம்ஓஏ-ன்னா 100 மீட்டர்ல 29 மிமீ, அப்ப 10 மீட்டர்ல வெறும் 2.9 மிமீ. உங்க சைட் ஒரு க்ளிக்குக்கு ஒரு எம்ஓஏ-ன்னா மொட்டை மாடி தூரத்துல ஒரு க்ளிக் 3 மில்லிமீட்டர்கூட இல்ல, பெல்லட்டே 4.5 மிமீ, ஓட்டை ஓட்டை மேலயே விழும். அரை எம்ஓஏ க்ளிக்னா இன்னும் பாதி. 3 சென்டிமீட்டர் நகத்தணும்னா 10 க்ளிக், தாராளமா திருப்புங்க, டாட்டே 3 எம்ஓஏன்னா 10 மீட்டர்ல கிட்டத்தட்ட 9 மிமீ வட்டத்தை மறைச்சுட்டுதான் நிக்கும், அதுக்குள்ள ஒரு க்ளிக் சண்டை போடுறதுல அர்த்தமில்ல.

திருப்பிட்டு மூணு பெல்லட் சுட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க. சில மலிவு சைட்ல திருப்பினதும் உள்ள இருக்கிறது உடனே நகராது, ஒரு உதை வாங்கினதும்தான் இடத்துல உக்காரும். திருப்பினதும் டர்ரெட் தலையில ஸ்க்ரூ ட்ரைவர் பிடியால லேசா ரெண்டு தட்டு தட்டினா போதும். டர்ரெட்டை இறுக்கிப் பிடிக்கிற தனி லாக் ஸ்க்ரூ இருக்கிற மாடலும் உண்டு, அதைத் தளர்த்தாம திருப்பினா மரை போச்சு.

எதிர்ப் பக்கம் போற கேஸ்: டர்ரெட்ல போட்டிருக்கிற "அப்" அம்பு பெல்லட் போற பக்கத்தைச் சொல்லுது, டாட் போற பக்கத்தை இல்ல. பெல்லட் மேல ஏறணும்னா கண்ணாடிக்குள்ள டாட் கீழதான் இறங்கும், நீங்க டாட்டைப் பாத்து மூக்கைத் தூக்குவீங்க, பேரல் மேல பாக்கும். கண்ணாடில டாட் கீழ போறதைப் பாத்துட்டு தப்பா திருப்பிட்டேன்னு திரும்ப எதிர்ப்பக்கம் திருப்புறவங்க ரொம்பப் பேர்.

"10 மீட்டர்ல கரெக்ட், 20 மீட்டர்ல இல்ல"

இது கோளாறே இல்ல. டாட் பேரலுக்கு மேல ஒரு நாலரை சென்டிமீட்டர் உயரத்துல இருக்கு, பெல்லட் கீழருந்து கிளம்பி உங்க பார்வைக் கோட்டைப் பிடிக்கணும். சுமாரா 15 ஜூல் கன்னுல 20 மீட்டருக்கு செட் பண்ணா 10 மீட்டர்ல ஒரு சென்டிமீட்டர் சொச்சம் கீழ விழும், 5 மீட்டர்ல ரெண்டரை சென்டிமீட்டர் கீழ. எந்த தூரத்துல அதிகம் சுடுவீங்களோ அதுக்கு செட் பண்ணிட்டு மத்ததை மனசுல வெச்சுக்கங்க. உயரமான அடாப்டர், அதுக்கு மேல ரைசர்னு அடுக்கிட்டே போனா இந்த வித்தியாசமும் கூடிட்டே போகும்.

"புள்ளி வட்டமா இல்ல, கமா மாதிரி இழுத்துக்கிட்டு நிக்குது"

திருப்பி அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட். டாட்டைப் பாத்துட்டே கன்னை 90 டிகிரி சாய்ங்க, தலையை சாய்க்காதீங்க. வாலும் கன்னோட சேர்ந்து சாய்ஞ்சா சைட் பிரச்சனை. கன் சாய்ஞ்சும் வால் அதே பக்கம் நின்னா உங்க கண்ணு, ஆஸ்டிக்மாட்டிசம். ஃபோன் கேமராவை சைட்டுக்குப் பின்னாடி வெச்சு வெளிச்சத்தைக் குறைச்சு ஒரு ஃபோட்டோ எடுத்தாலும் தெரிஞ்சிடும், ஃபோட்டோல உருண்டையா இருந்தா சைட் நல்ல சைட்.

கண்ணுதான்னா பவர் கண்ணாடி போட்டுட்டு பாருங்க, டாட் வெளிச்சத்தை ரெண்டு படி குறைங்க. நம்மாளுங்க எப்பவும் ஃபுல் வெளிச்சத்துல வெச்சுதான் பாப்பாங்க, யாருக்கா இருந்தாலும் சிதறத்தான் செய்யும். டாட்டையே முறைச்சுப் பாக்காதீங்க, டார்கெட்டைப் பாருங்க, டாட் அதுவா வந்து உக்காரும்.

"தலைய அசைச்சா டாட்டும் அசையுது"

கண்ணாடிக்குள்ள அசைஞ்சா பரவால்ல, அது அப்படித்தான். டார்கெட் மேலயே இடம் மாறினா பாரலாக்ஸ். டப்பால என்ன எழுதி இருந்தாலும் 10 மீட்டர் மாதிரி கிட்ட தூரத்துல கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். கன்னம் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்துல பட, டாட்டைக் கண்ணாடி நடுவுலயே வெச்சு சுடுங்க, தீர்ந்தது. கன்னம் படவே இல்ல, தாடைதான் படுதுன்னா மவுண்ட் உயரம் அதிகம்.

"மினுக்குது, சுட்டதும் அணைஞ்சு போகுது"

உதை வாங்கினதும் அணையுதுன்னா பேட்டரி ஒரு கணம் தொடர்பு விடுது. சிஆர்2032 நாணய பேட்டரி, ப்ளஸ் பக்கம் பெரும்பாலும் மூடியைப் பாத்து இருக்கணும், ஆனா உங்க சைட்டுல குறி போட்டிருப்பான், அதைப் பாருங்க. உள்ள இருக்கிற தகடு நசுங்கிப் படுத்திருந்தா டூத் பிக்கால லேசா தூக்கி விடுங்க, இரும்பு ஊசி வேணாம். புது பேட்டரி போட்டும் எரியலையா, சில பிராண்ட்ல குழந்தைங்க முழுங்காம இருக்க கசப்புப் பூச்சு போடுறாங்க, அந்தப் பூச்சு சில சைட்ல தொடர்பைத் தடுக்கும், ஸ்பிரிட்டால ஓரத்தைத் தொடைச்சுப் போடுங்க, இல்ல பூச்சு இல்லாத பிராண்ட் வாங்குங்க. ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு அட்டை நிறைய கொடுப்பாங்க, ஆனா ரொம்ப மலிவுன்னா வாங்கின உடனே மீட்டர்ல 3 வோல்ட்டுக்குக் குறையாம இருக்கான்னு பாத்துக்கங்க.

பெசன்ட் நகர், திருவான்மியூர்னு கடல் பக்கம் இருக்கிறவங்களுக்கு தகட்டுல பச்சையா வெள்ளையா பூக்கும். உப்புக் காத்து, கூட நம்ம கை வியர்வை. ஸ்பிரிட் நனைச்ச பட்ஸால சுத்தம் பண்ணுங்க, சுடாத மாசத்துல பேட்டரியைக் கழட்டி வைங்க. சைட்டுக்கு அடில பேட்டரி வெக்கிற மாடல்னா மாத்துறதுக்கு சைட்டையே கழட்டணும், மாட்டினதும் செட்டிங்கை ஒரு தடவை சரிபாத்துதான் ஆகணும்.

பேட்டரி நல்லா இருக்கு, தகடு சுத்தமா இருக்கு, ஆனா உதைக்கு உதை வெளிச்சம் மாறுதுன்னா உள்ள சால்டர் விட்டுடுச்சு. அப்ப அனுப்புங்க, வாரண்டி அதுக்குத்தான்.

"கண்ணாடில ஆவி"

ஏசி ரூம்லருந்து நேரா மாடிக்கு எடுத்துட்டுப் போனா வெளிப்பக்கம் படியும், மூக்குக்கண்ணாடில படியுறதேதான். கால் மணி நேரம் பையோட வெளிய வெச்சுட்டு அப்புறம் திறங்க. சட்டை நுனியால தொடைக்காதீங்க, முன் லென்ஸ்ல உள்பக்கம் ஒரு பூச்சு இருக்கு, அதுதான் எல்இடியோட சிவப்பை உங்க கண்ணுக்குத் திருப்பி அனுப்புது, அது கீறினா டாட்டே மங்கும்.

உள்பக்கம் ஆவின்னா சீல் போச்சு. ஐப்பசி கார்த்திகை மழைல நனைஞ்ச சைட்டுங்க இப்படி வரும். பேட்டரி மூடியைத் திறந்து சிலிக்கா ஜெல்லோட காத்துப் போகாத டப்பால சில நாள் போட்டு வைங்க, தெளிஞ்சுடும், ஆனா திரும்ப வரும். அரிசி டப்பால போடாதீங்க, தவிட்டுத் தூசிதான் உள்ள போகும்.

"ஸ்க்ரூ சுத்துது, இறுகல" / "கழட்டவே வரல"

சைட்டோட டப்பால வர்ற ஆலன் கீயைத் தூக்கிப் போடுங்க, மெத்து இரும்பு, ஸ்க்ரூ தலையை உருட்டி விடும். சென்னை செம்புதாஸ் தெருவுல போய் "அண்ணே, கெட்டியான ஆலன் கீ செட்டு, மில்லிமீட்டர்ல ஒண்ணு இன்ச்ல ஒண்ணு"ன்னு ரெண்டும் வாங்கிக்கங்க. ரெண்டு அளவும் வேணும், நிறைய சைட் ஸ்க்ரூ இன்ச் அளவு, மில்லிமீட்டர் கீ உள்ள போகும் ஆனா லூஸா சுத்தும், அங்கதான் தலை உருளுது.

ஏற்கனவே உருண்டுடுச்சுன்னா அதை விடக் கொஞ்சம் பெரிய டார்க்ஸ் பிட்டை சின்ன சுத்தியால தட்டி இறக்கி, மெதுவா திருப்புங்க. த்ரெட் லாக்கர் பிடிச்சிருந்தா சால்டரிங் அயர்ன் முனையை ஸ்க்ரூ தலையில ஒரு நிமிஷம் வெச்சா விட்டுக் கொடுக்கும், லென்ஸ் பக்கம் சூடு போகாம பாத்துக்கங்க.

பிஸ்டல் ஆட்களுக்கு: "ஸ்க்ரூ டைட், சைட் ஆடுது"

ஆப்டிக் ரெடி ஸ்லைட்ல, அது லைசன்ஸ் பிஸ்டலா இருந்தாலும் சிஓ2 ஏர் பிஸ்டலா இருந்தாலும், ஸ்லைட்டுக்கும் சைட்டுக்கும் நடுவுல ஒரு அடாப்டர் தட்டு வரும். சைட்டோட அடில இருக்கிற குழியும் தட்டு மேல இருக்கிற குமிழும் ஒண்ணுக்கு ஒண்ணு பொருந்தணும். ட்ரிஜிகான் ஆர்எம்ஆர்ங்கிற மாடலோட அமைப்புக்கு செஞ்ச தட்டுல டாக்டர் (Docter) கம்பெனி அமைப்பு சைட் உக்காராது. ஸ்க்ரூ போடாம சைட்டை வெறுமன தட்டு மேல வெச்சு விரலால முன்னாடி பின்னாடி தள்ளிப் பாருங்க. ஆடாம உக்காந்தா சரியான தட்டு. வழுக்கினா உதை மொத்தமும் ரெண்டு குட்டி ஸ்க்ரூ கழுத்துலதான் விழும், ஒரு நாள் கழுத்து முறியும்.

தட்டு பொருந்துது, ஸ்க்ரூவும் இறுகுது, ஆனாலும் சைட் ஆடுதுன்னா ஸ்க்ரூ நீளம் அதிகம். தலை சைட்டை அமுக்குறதுக்கு முன்னாடியே நுனி ஓட்டையோட அடில முட்டி நின்னுடுது, கைக்கு இறுகின மாதிரியே இருக்கும். தட்டோட வர்ற ஸ்க்ரூவையும் சைட்டோட வர்ற ஸ்க்ரூவையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க, பெரும்பாலும் தட்டோட வந்ததுதான் சரியான நீளம். ஓட்டை ஸ்லைட்டுக்குள்ள முழுசா துளைச்சுப் போற மாடல்ல நீளமான ஸ்க்ரூ இன்னும் ஆபத்து, அடில இருக்கிற, காலி தோட்டாவை இழுக்குற எக்ஸ்ட்ராக்டர் பாகத்துல போய் அழுத்தும், காலி தோட்டா வெளிய வராது. மாட்டினதுக்கு அப்புறம் திடீர்னு தோட்டா சிக்குதுன்னு சொல்றவங்க முதல்ல அந்த ஸ்க்ரூவை அரை சுத்து தளர்த்தி, உள்ள தோட்டா இல்லன்னு ரெண்டு தடவை பாத்துட்டு, ஸ்லைட்டைக் கையால இழுத்துப் பாருங்க. லேசா ஓடுச்சுன்னா வேற எங்கயும் தேட வேணாம். ஆனா தளர்த்தின ஸ்க்ரூவோட சுடாதீங்க, சரியான நீளத்துல வேற ஸ்க்ரூ வாங்கிப் போடுங்க.

இறுக்கம் சைட் கம்பெனி சொன்ன அளவு, பொதுவா 12 லருந்து 15 இன்ச் பவுண்டுக்குள்ள சொல்வாங்க, அதாவது ஒன்றரை நியூட்டன் மீட்டர் பக்கம். டார்க் ரென்ச் இல்லன்னா ஆலன் கீயோட நீளமான கையை விட்டுட்டு குட்டையான கையை ரெண்டு விரலால பிடிச்சு இறுக்குங்க, முழங்கைக்கு வேலை வந்தா அதிகம். ரெண்டு ஸ்க்ரூவையும் மாத்தி மாத்தி கொஞ்சம் கொஞ்சமா இறுக்கிட்டு, ஸ்க்ரூ தலையிலருந்து சைட் பாடி வரைக்கும் மெல்லிசா ஒரு பெயின்ட் கோடு இழுத்துடுங்க, அடுத்த தடவை கோடு உடைஞ்சிருந்தா டர்ரெட்டுக்குப் போகாம ஆலன் கீயை எடுங்க.